ஒன்பதாவது சுற்று

"ஏ புஷ்பம், மறுபடியும் வந்துட்டு!"

மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தபடி நல்லசிவம் கத்தினார். காலையிலிருந்து நாலாவது முறையாக அந்தக் குட்டி விமானம் அவருடைய கோட்டூர்புரம் வீட்டுக்கு மேலே தாழ்வாக வந்து, மீனம்பாக்கம் பக்கம் போனது. போய் இறங்கித் தொலைத்தாலாவது நிம்மதி. அது இறங்கவில்லை. பெரிதாக ஒரு வட்டமடித்து, கடற்கரைப் பக்கமிருந்து மறுபடி அதே கோட்டில் வந்தது.

அந்த வீட்டுக்கு விமானங்கள் புதிதல்ல. ஆனால் அவையெல்லாம் ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போய்விடும். திரும்பத் திரும்ப வந்து பார்க்கிற விமானம் இதுதான் முதல். ஏன் பார்க்கிறது என்பதும் அவருக்கு விளங்கிவிட்டது. தன் தி.நகர் ஜவுளிக்கடைச் சரக்கைப் போட்டுவைக்க, போன தை மாதம் மாடியில் ஓர் அறை கட்டியிருந்தார். அனுமதி வாங்கவில்லை.

"போட்டோ எடுக்கான்," என்றார். திருநெல்வேலிக்காரர் வேட்டியை விலக்கி எட்டிப் பார்த்தார். "மேல இருந்தே அளக்கான்."

"தார்ப்பாயைப் போட்டு மூடுங்களேன்," என்றாள் மனைவி புஷ்பம்.

மூடினார். ஐந்தாவது சுற்றில் விமானம் முன்னைவிடத் தாழ்வாக வந்ததுபோல் அவருக்குப் பட்டது.

"நீலத் தார்ப்பாயையா போட்டீங்க? இப்பத் தெருவுலயே நம்ம வீடுதான் தனியாத் தெரியும்!"

அவசரமாகப் பிடுங்கினார். சரியாக அந்நேரம் ஆறாவது சுற்று வந்தது. விமானி தன் முகத்தையே உற்றுப் பார்த்ததாக நல்லசிவம் அடித்துச் சொன்னார். நோட்டீஸ், கோர்ட்டு, பேப்பரில் படம் என்று ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போயின. உடனே கொத்தனார் தணிகாசலத்தைப் போனில் அழைத்தார்.

தணிகாசலம் இரண்டு ஆட்களோடு சம்மட்டி சகிதம் வந்து சேர்ந்தார்.

"இன்னா சார், தை மாசம் நான் கட்ன சொவுரு. இரும்பு மாதிரி கீது. இத்தப் போயி இடிக்கச் சொல்றியே?"

"பேசாம இடிப்பா. அது வாரதுக்குள்ள இங்க ஒண்ணுமே இருக்கக் கூடாது."

"எது வர்றதுக்குள்ள?"

நல்லசிவம் வானத்தைக் காட்டினார். அங்கே ஒரு காக்கைகூட இல்லை. தணிகாசலம் அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டுச் சம்மட்டியை எடுத்தார்.

சரக்கை வீட்டுக்குள் இறக்கியபின், மூன்று சுவர்கள் ஒழுங்காக விழுந்தன. நாலாவது, பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் சாய்ந்தது. தொட்டி பிளந்து, தண்ணீர் படிக்கட்டு வழியே இறங்கி, கீழ்வீட்டில் குடியிருந்த விமான நிலைய ஊழியன் தௌசீஃபின் படுக்கையை நனைத்தது. முழங்கால்வரை நனைந்த லுங்கியோடு அவன் மேலே ஓடிவந்தான்.

"என்ன சார் பண்றீங்க?"

நல்லசிவம் பதில் சொல்லுமுன் ஒன்பதாவது சுற்று வந்தது. அவர் சடாரென்று தரையில் குந்தினார். தௌசீஃப் அண்ணாந்து பார்த்துக் கையாட்டினான்.

"நம்ம ஏர்போர்ட்டுக்கு வந்த ப்ளேன் சார். ரன்வே பக்கத்துல எங்க டிபார்ட்மென்ட் மெஷின் இருக்கு. மழையிலயும் பனியிலயும் ப்ளேன் சரியா இறங்க, அதுதான் சிக்னல் அனுப்பி வழி காட்டும். அந்த சிக்னல் பிசகாம வருதான்னு இது பறந்து பாக்குது. வழக்கமா நடக்கிற செக்கிங்தான். வீட்டையெல்லாம் யாரு பாக்குறா? சரி, எனக்கு ஒரு வாளியும் துடைப்பமும் குடுங்க."

அவன் கீழே போனான். நல்லசிவம் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்தார். பயம் போய்விட்டது. கூடவே அறையும் போய்விட்டது.

புஷ்பம் மூச்சிரைக்க மேலே வந்தாள். "என்னங்க, கட்டட அனுமதி ஆபீசர் ஒருத்தர் வந்திருக்கார். விஜயராகவனாம்!"

போன பயம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. விஜயராகவன் ஈரப்படியில் வழுக்காமல் ஏறிவந்து, இடிபாட்டை நெடுநேரம் பார்த்தார்.

"மொத்தமா இடிச்சாச்சா?"

"ஒத்தச் சுவருகூட மிச்சமில்ல சார்!" நல்லசிவம் கைகூப்பினார்.

விஜயராகவன் வானத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு நெருங்கிவந்து குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ஆளுங்களை அப்படியே பக்கத்துத் தெருவுக்கு அனுப்புங்க சார். என் வீட்டு மாடியில கட்டியிருக்கிற ரூமையும் காலையிலேர்ந்து அது சுத்திக்கிட்டே இருக்கு."