கம்ப்யூட்டரில் வெடித்த என் கழுத்து நாளம்

சாய்ந்தமருது.

அன்பு மகள் ஹிமாயாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் உயிரோடு இருக்கிறேன். ஊரில் சிலருக்கு இன்னும் அதில் சந்தேகம் இருப்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

போன விடுமுறையில் என் கழுத்தை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனபோது, "வாப்பா, ரத்தக் குழாயில கொழுப்புப் படிஞ்சிருக்கு, அதுக்கு மேல மெல்லிய தோல் ஒண்டு இருக்கு, அது எங்க கிழியும் எண்டு கம்ப்யூட்டரில செஞ்சி பார்க்கப் போறம்" என்றாய். மகளின் படிப்புக்குக் கழுத்தைக் கொடுக்காத வாப்பா உண்டா, நானும் ஓம் என்றேன். ஆனால் செவ்வாய்க்கிழமை நீ குடும்பக் குறூப்பில் போட்ட முதல் குரல் பதிவு நீளமாக இருந்ததால் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாவது சின்னது, அதை எல்லோரும் கேட்டார்கள். "வாப்பாட நாளம் வெடிச்சிட்டு. நாங்க நினைச்ச அதே இடத்திலதான். அல்ஹம்துலில்லாஹ்."

நான் அந்த நேரம் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு முடி வெட்டப் போயிருந்தேன். திரும்பி வந்தால் எங்கள் வாசலில் தறப்பாள் பந்தல் கட்டியிருக்கிறது, உன் மாமி சுபைறா ஒலுவிலிலிருந்து வந்து உள்ளே அழுகிறாள், அவளுடைய மகன் அர்ஷாத் லொறியிலிருந்து கதிரை இறக்குகிறான். பக்கத்து வீட்டில் யாரோ இறந்து, எங்கள் வாசலைக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்து நானும் கைகொடுத்தேன். நாலைந்து கதிரை இறக்கிய பிறகுதான், "மகன், ஆரு மௌத்து?" என்று கேட்டேன்.

"மாமாதான்" என்றான் திரும்பாமல். "நல்ல மனிசன். கதிரைய மெதுவா வைங்க."

பிறகு திரும்பினான். அவன் கையிலிருந்த கதிரை என் கால் பெருவிரலில் விழுந்தது. அன்றைக்கு உண்மையில் உடைந்தது அந்த நகம் மட்டும்தான். உன் உம்மா மட்டும் அழவேயில்லையாம். "முடி வெட்டப் போன மனிசன், வந்து குளிச்சிட்டுத்தான் மத்த வேல" என்று சொல்லித் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாவாம். அவ சொன்னதை ஒருவரும் காதில் போடவில்லை.

உன் நீளமான முதல் பதிவைக் கேட்ட பிறகுதான், வெடித்தது கம்ப்யூட்டரில் என்று விளங்கி எல்லோரும் சிரித்தார்கள். வந்தவர்கள் சும்மா திரும்பிப் போவார்களா? சாப்பிட்டுவிட்டு நீ அனுப்பிய படத்தை டீவியில் போட்டார்கள். என் குழாய்க்குள் நீலமும் சிவப்புமாக ரத்தம் ஓடியது. "அந்தச் செவப்பு என்ன?" என்று எதிர்வீட்டு மரைக்கார் கேட்டார். "அங்கதான் இழுவை கூடுதல், அங்கதான் தோல் மெல்லிசு. கிழிஞ்சா ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகும்" என்று நீ சொல்லித் தந்தபடி சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். நானும் தடவிப் பார்த்தேன். டொக்டர் தந்த குளிசையை அன்று தொடக்கம் பிந்தாமல் குடிக்கிறேன்.

ஆனாலும் மகள், இத்தோடு போதும். உயிரோடு இருக்கிற மனிசனை வெடிக்க வைத்துவிட்டு அல்ஹம்துலில்லாஹ் சொல்கிற ஆராய்ச்சிக்கு இனி என் கழுத்தைத் தரமாட்டேன். வேறு கழுத்துப் பாருங்கள்.

அல்லாஹ் உன் படிப்பில் பறக்கத்தும் அருளும் தருவானாக. உன் பேச்சின் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றாகவே வந்துசேரச் செய்வானாக. உம்மா ஸலாம் சொன்னா.

வாப்பா,
ஷரிபுதீன்

பி.கு.: மாமி, அர்ஷாத், மரைக்கார் எல்லோரும் கழுத்துக் கொடுக்க ஆயத்தமாம். கேட்டால் இடமில்லை என்று சொல்லிவிடு. அடுத்த ஸ்கேன் எப்போது என்று அறிவி, நானே வருகிறேன். வேறொருவர் கழுத்தை வைத்தா என் மகள் பட்டம் வாங்குவது?