அத்தானின் காரில் மூன்றாவது கியர்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மூக்குக்கண்ணாடிக் கடை மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொண்டது. நான் நலம். என் மனைவியும் தான் நலம் என்று எழுதச் சொன்னாள். அக்கா தன்னைப் பற்றி உங்களுக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று சொல்லியிருப்பதால், அவளும் நலம் என்பதை நான் எழுதவில்லை. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உப்பு டப்பா எங்கே என்று நீங்கள் தேடக்கூடும் என்று அக்கா நேற்றுச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். மேல் தட்டில், டீத்தூளுக்குப் பின்னால் இருக்கிறதாம்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கார் சரியாகிவிட்டது. அக்கா பெட்டியோடு வந்து இறங்கிய அன்று வாசலில் நின்றபடியே, "அந்தக் கார்ல கியர் லூஸா கெடக்கு. இனிமே அதுல நான் ஏறமாட்டேன்" என்றாள். அதற்கு மேல் ஒரு காரணமும் சொல்லவில்லை. வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. அக்கா எனக்குத் தாய் மாதிரி. தாய் மாதிரி என்பதால்தான் இந்த வயதில் எனக்குத் தாங்கவில்லை. என் சட்டைகளை நிறவாரியாக மடித்து வைத்திருக்கிறாள். சமையலறையில் எதை எடுக்க வேண்டுமானாலும் என் மனைவி அவளைக் கேட்டுத்தான் எடுக்கிறாள். கியர் சரியானால் அக்கா காரில் ஏறுவாள், ஏறினால் உங்கள் வீட்டுக்குப் போவாள், போனால் இரண்டு வீட்டிலும் விளக்கு எரியும் என்று நான் கணக்குப் போட்டேன். அதனால்தான் அன்று வந்து சாவி கேட்டேன். நீங்களும் உடனே எடுத்துக் கொடுத்தீர்கள்.

காரை வீடு வரை கொண்டுவந்து சேர்த்ததே தனிக் கதை. கியர் ராடு சோற்றுக் கரண்டியைப் போல எந்தப் பக்கம் தள்ளினாலும் போகிறது. முதல் கியர், இரண்டாவது கியர் ஒருவழியாக விழுகின்றன. மூன்றாவது போட்டுக் கையை எடுத்தால் உடனே துள்ளி வெளியே வந்துவிடுகிறது. கையை எடுக்காமல் இருக்கலாம் என்றால், ஒரு கை ஸ்டியரிங்குக்கு, ஒரு கை ராடுக்கு, வியர்வையில் இறங்கும் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட மூன்றாவது கைக்கு எங்கே போவேன்? பாதி வழிக்கு மேல் இரண்டாவது கியரிலேயே வந்தேன். சைக்கிள்காரர்கள் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் எங்கள் தெருமுனை மெக்கானிக் வந்தார். எதைக் கேட்டாலும் "பொறுங்க சார்" என்பதால் அவருக்குப் பொறுமை என்றே பெயர் விழுந்துவிட்டது. நாள் முழுக்கக் கண்ணாடிக் காம்புகளில் எறும்புத்தலை அளவு திருகு மாட்டுகிறவன் நான், திருகு என்றால் திருகுதானே என்று நானும் கூடவே இறங்கினேன். குமிழைக் கழற்றி, ரப்பர் உறையைச் சுருட்டி மேலே இழுத்தோம். அடியில் ஒரு மூடி, மூடிக்கு அடியில் ஒரு ஸ்பிரிங். "அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே திருப்பணும், பொறுங்க சார்" என்றார். நான் பொறுக்கவில்லை. ஸ்பிரிங் என் காதை உரசிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பறந்தது. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்காவின் வாளிக்குள் விழுந்தது. அவள் அதைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஸ்பிரிங் கண்ணில் பட்டிருந்தாலும் தேவலை.

பிறகு பொறுமை ராடைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, அது இருந்த ஓட்டையில் டார்ச் அடித்தார். குனிந்து பார்த்தேன். அத்தான், இதை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! எண்ணெயில் முழுகியெழுந்த இரும்பு, அதன் மேல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மூன்று பள்ளங்கள், ராடின் நுனி வந்து எப்போது தொடும் என்று காத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு தூசு இல்லை, துரு இல்லை. நாம் மேலே உட்கார்ந்து கத்திக்கொண்டும் முனகிக்கொண்டும் போயிருக்கிறோம். அத்தனை காலமும் காலுக்குக் கீழே, இருட்டில், யாரும் பார்க்காமல் இவ்வளவு ஒழுங்கு இருந்திருக்கிறது. நான் வாய் பிளந்துவிட்டேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்து, "அம்மாடி!" என்று மார்பில் கை வைத்தாள். பொறுமைகூடப் பொறுங்க என்று சொல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பரவசத்தில் கார் நகர ஆரம்பித்ததை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டு வாசல் சரிவு என்பது உங்களுக்குத் தெரியும். கைப்பிரேக் பெயருக்குத்தான் இருக்கிறது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தோம். அது நடைவழியில் கிடக்கிறதே, யாருக்காவது கால் தடுக்குமே என்று அக்கா ஓரமாக எடுத்து வைத்துவிட்டாள். மனைவி அலறினாள், பொறுமை வெளியே குதித்தார், காருக்குள் நானும் என் கையில் கியர் ராடும் மட்டும். அதை எங்கே வைப்பது என்று தேடிய அவசரத்தில் காலுக்கடியில் பிரேக் இருப்பதே நினைவுக்கு வரவில்லை. இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கியபடி ஒதுங்கி நின்று, "சார், அது உள்ள இருக்க வேண்டியதுல்ல?" என்று கேட்டார். கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு முன்னால் குவித்திருந்த மணல் புண்ணியம் கட்டிக்கொண்டது. உங்கள் காருக்கு ஒரு கீறல் இல்லை. என் சட்டைப் பையில் மட்டும் இன்னும் மணல் இருக்கிறது.

இவ்வளவுக்கும் காரணம் என்ன தெரியுமா? ராடின் அடியில் ஒரு குண்டு இருக்கிறது, அந்தக் குண்டின் மேல், அது ஆடாமல் பிடிக்க, புஷ் என்று ஒரு வளையம் இருக்க வேண்டும். அது இல்லை. தேய்ந்தும் போகவில்லை, உடைந்தும் போகவில்லை, இல்லவே இல்லை. பொறுமை நாலு இடம் அலைந்து பழைய சாமான் கடை ஒன்றிலிருந்து வாங்கி வந்தார். வெள்ளை வளையம், என் சுண்டுவிரலில் மோதிரமாகப் போடலாம். அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். யானை கனம் கனக்கிற வண்டியும் ஒரு குடும்பமும் இந்தத் துணுக்குக்காகத் தடுமாறியிருக்கின்றனவே என்று வியப்பு அடங்கவில்லை. கொதிநீரில் போட்டு இளக்கி, கடையில் திருகு எடுக்கும் என் சிமிட்டாவால் நானேதான் குண்டின் மேல் மாட்டினேன். கிரீஸ் தடவி, ஸ்பிரிங்கை அமுக்கி, மூடியைத் திருப்பினோம். ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். இப்போது மூன்றாவது கியர் போட்டால் போட்டபடி நிற்கிறது. ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை, அத்தான். நீங்கள் லேத் பட்டறையில் நிற்கிறவர். ஊரான் வண்டிக்கெல்லாம் புஷ் கடைந்து கொடுத்த கை, சொந்தக் காருக்கு ஒன்று கடையாமல் விட்டது ஏன்?

இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து காரையும் அக்காவையும் சேர்த்து அழைத்துப் போகுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் மிக்க மகிழ்ச்சி.

தங்கள் ஆசியை என்றும் வேண்டும்,
மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். இந்தக் கடித உறையை ஒட்டுவதற்கு முன், சரியான கியரைக் காட்டலாமே என்று அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடிக் காரில் ஏற்றினேன். தண்ணீர்த் தொட்டி மேட்டில் மூன்றாவது போட்டேன். ராடு பாறையாக நின்றது. அக்காவின் கை தானாக அதன் மேல் வந்தது, அது அசையாமல் நிற்பதைத் தொட்டுப் பார்த்தது, மடிக்குத் திரும்பிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. நான் பெருமையாக, "பாத்தியாக்கா, இனிமே உன் கையே வேண்டாம்!" என்றேன். அக்கா அழுதுவிட்டாள். அத்தான், எங்கள் அப்பா போன அன்றுகூட வந்தவர்களுக்கு டம்ளர் போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தவள் அவள்.

"அவரும் இதத்தான்டா சொன்னாரு" என்றாள். "சைக்கிள் டியூபக் கிழிச்சு ராடக் கட்டிவச்சிட்டு, 'உனக்குக் கை வலிக்குது, இனிமே சும்மா உக்காந்து வா'ன்னாரு. அவுத்து ஜன்னல் வழியா எறிஞ்சிட்டேன். கல்யாணம் ஆனதுலேருந்து மூணாவது கியர் நான்தான்டா புடிச்சிருக்கேன். ஒரு ரப்பர் துண்டு போதும்னா அந்தக் கார்ல நான் எதுக்கு?"

"நீதானேக்கா லூஸா இருக்கு, லூஸா இருக்குன்னு சண்டை போட்டே?"

"முப்பது வருஷமா சொல்றேன். அதுக்காகச் சரி பண்ணிடுவீங்களா? நாளெல்லாம் புஷ் கடையிற மனுஷன் நம்ம வண்டிக்கு மட்டும் ஏன் போடலன்னு எனக்குத் தெரியாதா?"

அத்தான், கியர் பெட்டிக்குள் பார்த்தபோது வாய் பிளந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். இப்போது பிளந்ததற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

இன்று சாயங்காலமே புஷ்ஷைக் கழற்றிவிட்டோம். "இப்பதானே சார் போட்டோம்?" என்று பொறுமை முதல்முறையாகப் பொறுமை இழந்தார். கியர் பழையபடி ஆடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாருங்கள். டியூப் எதுவும் எடுத்து வர வேண்டாம். மன்னிப்பும் கேட்க வேண்டாமாம். மேடு வந்ததும் நீங்களாக "மூணப் புடி" என்று சொன்னால் போதுமாம்.