பிள்ளையார் பேரைக் கேட்டுப் படுத்துவிட்ட மிசின்

எங்கள் பக்கத்து வீடுகளில் "அரிசி இல்லை" என்று சொல்லமாட்டார்கள். "அரிசி நிறைஞ்சிருக்கு" என்பார்கள். அந்த நல்ல பழக்கத்தைக் கம்ப்யூட்டருக்கும் கற்றுக்கொடுக்கப் போனவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுனில் ஒரு மொத்த மருந்துக் கடையில் இருந்தேன். பிளஸ் டூவுக்கு மேல் ஜங்ஷனில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் படிப்பு. (சி மொழியைக் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைப்பு.) கடைக்கு யூனிக்ஸில் ஓடும் கம்ப்யூட்டர் மிசின் வந்தது. கணக்குக்காரர்கள் ஒரு குரூப், சரக்குக்காரர்கள் ஒரு குரூப் என்று ஆட்களைப் பிரித்து அதற்குள் வைத்திருந்தோம். குரூப்பின் பேரைத் தட்டினால் அதில் யார் யார் என்று காட்டும் புரோகிராம் என் பொறுப்பு. அது ஓடினால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று அம்பாசமுத்திரத்தில் வருங்கால மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார்.

சி-யில் இதற்கென்றே 'கெட்-ஜி-ஆர்-நாம்' என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. பேரைக் கொடுத்தால் குரூப்பின் விவரத்தைத் தரும். அப்படியொரு குரூப்பே கிடையாதென்றால் வெறுங்கையை நீட்டும். வெறுங்கையா என்று பார்க்காமல் அதில் விவரத்தைத் தேடினால் புரோகிராம் செத்துப்போகும். நானும் ஒழுங்காகப் பார்த்து, "இல்லை" என்று காட்டும்படிதான் எழுதியிருந்தேன். மிசினுக்குப் பூஜை போட்டு புரோகிராமை ஓட்டிக்காட்டுகிற அன்று காலை திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் மனசு கேட்கவில்லை. நல்ல நாளில் திரையில் "இல்லை" என்று வரலாமா? அந்த வரிகளை அப்படியே தூக்கிவிட்டேன். இருக்கிற குரூப்பைத்தானே தட்டப்போகிறார்கள்!

முதலாளி அண்ணாச்சி சூடம் காட்டி மிசினுக்குக் குங்குமம் வைத்தார். கணக்கு குரூப்பின் பேரைத் தட்டச் சொன்னேன். கையை எடுத்துவிட்டார்.

"முதல்ல பிள்ளையாரைப் போடாம எதைவே தொடுவாங்க?"

ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிள்ளையார் பேரைத் தட்டினார். (சாமி பேரைத் தட்டுகிற கையை எப்படிப் பிடிக்க?) என்டரையும் அழுத்தினார். அந்தப் பேரில் குரூப் ஏது? 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று திரையில் விழுந்து புரோகிராம் செத்துப்போனது.

அண்ணாச்சி எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஃபால்ட்டுங்குது. யாரு மேலவே ஃபால்ட்டு? பிள்ளையார் மேலயா?"

என் மேல்தான் என்று காலையில் செய்த காரியத்தைச் சொன்னேன். வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் யோசித்தார். "அந்த வரி இருந்திருந்தா, 'பிள்ளையார் இல்லை'ன்னுல்லா வந்திருக்கும்?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்போ மிசினு செத்ததே நல்லதுவே."

அன்றைக்கே பிள்ளையார் பேரில் ஒரு குரூப் சேர்த்தேன். முதலாளி முதல் மூட்டை தூக்குகிறவர் வரை எல்லாரும் அதில் உறுப்பினர். எடுத்த வரிகளையும் திரும்பப் போட்டேன். (இப்போது "வேறு பேர் தாருங்கள்" என்று பணிவாகக் கேட்கும்.) வேலை நிரந்தரமானது.

கதை எனக்கு முன்னால் அம்பாசமுத்திரம் போய்விட்டது. மணவறையில் தாலியைக் கையில் வாங்கி, கண்ணை மூடிச் சாமியை நினைத்தேன். மாமனார் காதருகே குனிந்தார். "மாப்பிள்ளை, கண்ணைத் திறங்க. பொண்ணு இருக்காளான்னு முதல்ல பாத்துக்கிடுங்க."

பக்கத்தில் இருந்தவள் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. இன்றைக்கும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே நான் காப்பி கேட்டால், உள்ளேயிருந்து பதில் வரும்:

"ஆளு இருக்கான்னு பாத்துட்டுக் கேளுங்க."