இருபத்து மூன்று குடும்பங்கள் போய்விட்டு வருவதாகச் சொன்னது பற்றி

உ
சிவமயம்

ஜோர்ஜ்டவுன், பினாங்கு
9.3.1994

மதிப்புக்குரிய அத்தான் விஸ்வலிங்கம் அவர்கட்கு,

கனகசுந்தரம் பணிவுடன் எழுதுவது. யோகலட்சுமியின் இடது முழங்காலைத் தவிர இங்கு எல்லோரும் சுகம். அங்கு தங்கள் இரத்த அழுத்தமும் கமலாம்பிகை அக்காவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அத்தான், இந்த மாத முடிவுக்குள் பினாங்கிலிருந்து தங்கள் இலாகாவுக்கு ஒரு பச்சைக் கோப்பு வரும். கரையோரங்களையும் சிறு தீவுகளையும் காப்பது பற்றியது. அதில் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வாக்கியம் பிழை. பிழையைச் செய்தவன் நான். தாங்கள் அதைத் திருத்தாவிட்டால் இங்கே இருபத்து மூன்று குடும்பங்கள் வீட்டைக் காலிசெய்ய வேண்டிவரும். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்கே முழுவதும் விளங்கவில்லை. எழுதினால் விளங்குமோ என்று பார்க்கிறேன்.

துறைமுகத்துக்குத் தெற்கே சேற்றுக்கரையில் பலகை வீடுகள் இருப்பது தங்களுக்கு நினைவிருக்கும். கப்பலிலிருந்து தொங்கான் படகில் சரக்கு இறக்கியவர்களின் குடும்பங்கள். துறைமுகத்தில் தலைமை எழுத்தராக இருந்த முப்பது வருடமும் அவர்களின் பெயர்களைப் பிழையாக எழுதியவன் நான். அந்த உறவில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் கரையைக் கடல் அரிக்கிறது. கற்சுவர் கட்டிக் கண்டல் மரம் நடவேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. திட்டத்தோடு வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணரும் வந்தார். அவர் ஒரு வாரம் முழங்கால் சேற்றில் நின்று ஆராய்ந்து, இக்கரையில் நண்டு, நத்தை, கொக்கு, மனிதர் ஆகிய நான்கு இனங்கள் வாழ்கின்றன, முதல் மூன்றையும் அசைக்கக் கூடாது, நான்காவதை நகர்த்தலாம் என்று கண்டுபிடித்தார்.

நகர்த்துமுன் அவர்களைக் கேட்க வேண்டுமாம். அதுவும் தாய்மொழியில் கேட்க வேண்டுமாம். அது திட்டத்தின் விதி. அந்த மக்களோ திட்ட அலுவலகத்துப் பெண் அதிகாரி புவான் ரொஸ்னாவுடன் மலாயில் தாராளமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், சண்டைகூடப் போட்டார்கள். மலாய் அவர்களின் தாய்மொழி அல்ல, ஆகவே அது கேட்டதாகாது என்றார் நிபுணர். என்னைக் கொண்டுபோய் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவே உட்காரவைத்தார்கள். அதன்பிறகு ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

நிபுணர் எழுந்து, “சஸ்டெய்னபிள் டெவலப்மெண்ட்” என்று ஆரம்பித்தார். இரண்டு நாள் அகராதியோடு இருந்தவன் நான். “தாங்கக்கூடிய வளர்ச்சி” என்றேன். அந்தக் குடியிருப்பின் தலைவர் தங்கராஜு கை தூக்கினார்.

“யாரு தாங்கணும் சார்? நாங்கதானா?”

அதை அப்படியே நிபுணரிடம் கேட்டேன். நிபுணர் மகிழ்ந்து, எல்லா ஸ்டேக்ஹோல்டர்களும் என்றார். பங்கு உடையவர்கள் என்றுதானே பொருள்? “எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து தாங்க வேண்டும்” என்றேன். கூட்டம் கொதித்துவிட்டது. தொழிற்சாலைக் கேண்டீனில் சமைக்கும் வள்ளியம்மா எழுந்து நின்றார்.

“பங்காளியா? அவனுங்கள எதுக்குலா இழுக்குறீங்க? எங்க வீட்டுக்காரரோட பங்காளிங்க பாகான் டாலாம்ல இருக்கானுங்க. இந்த வீடு அவனுங்க கண்ணுல பட்டுச்சு, கோர்ட்டு வரைக்கும் போவானுங்க!”

அக்கரையில் இருக்கும் உறவினரால் வழக்கு வரலாம் என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். ‘எல்லை கடந்த முரண்பாடு’ என்று நிபுணர் எழுதிக்கொண்டார். பிறகு, வருங்காலச் சந்ததிக்காகவே கரையைக் காப்பாற்றுகிறோம் என்றார். அதையும் சொன்னேன்.

“வருங்காலச் சந்ததிதானே? அந்தா, என் வீட்டு வாசல்ல பல்லு வெளக்கிக்கிட்டு நிக்கிறா பாருங்க, என் பேத்தி. அவ எங்க போவா?” என்றார் வள்ளியம்மா.

நியாயமாகப் பட்டது. “ஓம், ஓம்” என்று தலையாட்டினேன். நாங்கள் யாழ்ப்பாணத்தார் ஆமாம் என்பதை அப்படிச் சொல்வது அவருக்குத் தெரியாது. “நான் ஞாயம் கேக்குறேன், நீங்க மந்திரம் சொல்றீங்களே சார்!” என்று இன்னும் கோபித்துக்கொண்டார்.

தங்கராஜு எழுந்துவிட்டார். “பேசிப் பிரயோசனம் இல்லைலா. வாங்க எல்லாரும்.” இருபத்து மூன்று குடும்பமும் எழுந்தது. கோபத்திலும் மரியாதை தெரிந்த மக்கள் அத்தான். கைகூப்பி, “நாங்க போயிட்டு வர்றோம் சார்” என்று சொல்லிவிட்டுத்தான் வெளிநடப்புச் செய்தார்கள்.

என்ன சொல்கிறார்கள் என்று நிபுணர் கேட்டார். மொழிபெயர்ப்பாளன் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. “போய்விட்டுத் திரும்பி வருகிறார்களாம்” என்றேன்.

“எல்லோருமா?”

“எல்லோரும்தான்.”

“யாரும் வற்புறுத்தாமலா?”

“தாமாகவே சொன்னார்கள்.”

நாற்பத்தோராம் பக்கம் இப்படிப் பிறந்தது: ‘சுவர் வேலைக்காக இடத்தை விட்டுப் போய், வேலை முடிந்ததும் திரும்பி வர மக்கள் ஒருமனதாகச் சம்மதித்து, கைகூப்பி நன்றி தெரிவித்தனர்.’

பத்து நாளில் ஏப்ரல் முப்பதுக்குள் காலிசெய்ய ஆயத்தமாகும்படி வீட்டுக்கு வீடு கடிதம் போயிற்று. வள்ளியம்மா கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“சார், நாங்க எப்ப சார் போறோம்னு சொன்னோம்?”

“நீங்கள்தானே போயிட்டு வாறம் எண்டு சொன்னனீங்கள்?”

“அய்யோ, அது வீட்டுக்குப் போறதுக்குச் சொன்னது சார்!”

“வீட்டை விட்டுப் போறதுக்கு எண்டு அவை எழுதிப்போட்டினம்.”

வள்ளியம்மா அழவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். யோகலட்சுமி அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுக் கட்டிய கணவனான என்னைப் பார்த்த பார்வையை எந்த மொழியிலும் பெயர்க்கலாம்.

மறுநாளே நிபுணரிடம் போனேன். தமிழர் விடைபெறும்போது போகிறேன் என்று சொல்லமாட்டார்கள், அது அபசகுனம், போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள் என்று விளக்கினேன். மிகுந்த ஆர்வத்தோடு குறித்துக்கொண்டார்.

“திரும்பி வர விருப்பமில்லாதவர் என்ன சொல்வார்?”

“அதையேதான்.”

“பல் வைத்தியரிடம்?”

“அங்கேயும் அதையேதான்.”

“அப்படியானால் ‘வருகிறோம்’ என்பது பொய்.”

“பொய் இல்லை, மரியாதை.”

“அதாவது, அவர்கள் வரமாட்டார்கள்.”

நான் யோசித்தேன். அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் இனி வரமாட்டார்கள் என்பது உண்மைதானே? “வரமாட்டார்கள்தான்” என்றேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கம் அன்றைக்கே திருத்தப்பட்டது: ‘மக்கள் நிரந்தரமாகப் போகச் சம்மதித்தனர். திரும்பி வர அவர்களுக்கு விருப்பமில்லை என்பதை மொழிபெயர்ப்பாளர் நேரில் வந்து உறுதிப்படுத்தினார்.’

முதற் பிழையில் அவர்களுக்குத் திரும்பி வரவாவது ஒரு வழி இருந்தது அத்தான். அதையும் நானே பஸ் ஏறிப் போய் அடைத்துவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் விளங்கவில்லை. இப்போது வீடுகள் நிற்கும் இடத்தில், திட்டப் படத்தில் இருபது அறைகள் வரைந்திருக்கிறது. இது என்ன என்று நிபுணரைக் கேட்டேன். கொக்குப் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு என்றார். அவர்களும் மனிதர்தானே என்றேன். அவர்கள் அங்கே வாழப்போவதில்லை, போய்விடுவார்கள், அதனால் கரைக்குப் பாதிப்பில்லை என்றார். பாதிக்காமல் இருக்க வேண்டுமானால் வேறு ஊரில் வாழ வேண்டும் போலிருக்கிறது.

ஆகவே தாங்கள் அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளை ஒட்டி, ‘மேற்படி மக்கள் போகவில்லை, போவதாகச் சொல்லவுமில்லை, விடைபெற்றார்கள்’ என்று எழுதினால் போதும். ஆனால் விடைபெற்றதை ஆங்கிலத்தில் போடும்போது கவனம். ‘டுக் லீவ்’ என்று போட்டால் லீவு எடுத்தார்கள் என்று வந்துவிடும். பிறகு எத்தனை நாள் லீவு என்று கேட்பார்கள்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தண்ணீர்மலை முருகன் தங்கள் உடம்புக்கும் பேனாவுக்கும் துணை நிற்பாராக.

தங்கள் அன்பு மைத்துனன்,
கனகசுந்தரம்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் வள்ளியம்மாவும் தங்கராஜுவும் வந்தார்கள். நேற்றே இருவரும் ரொஸ்னாவிடம் நேரே போனார்களாம். “‘கமி தாக் மாவு பிண்டா’ன்னேன் சார். நாங்க எடம் மாறமாட்டோம், அவ்வளவுதான். அஞ்சு நிமிசம்கூட ஆவல. ‘அன்னிக்கே சொல்லியிருக்கலாமேலா’ன்னு அந்தப் பொண்ணு பேப்பரையே மாத்திடுச்சு” என்றார் வள்ளியம்மா. வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும், சுவர் அவற்றுக்கு முன்னால் வரும் என்று புதிய பக்கத்தில் இருக்கிறது. ஆகவே தாங்கள் கோப்பைத் தொடவேண்டாம்; முக்கியமாக, நான் மேலே சொன்ன வரியை எழுதவே வேண்டாம். இக்கடிதத்தை அனுப்பாமல் விட்டாலே தாங்கள் எதையும் தொட்டிருக்கமாட்டீர்கள் என்பது இப்போதுதான் தோன்றுகிறது. ஆனால் கடிதம் வருகிறது என்று காலையில் அக்காவிடம் டெலிபோனில் சொல்லிவிட்டேன், இனி வராமல் இருக்க முடியாது. புதிய பக்கத்தில் ஒரேயொரு குறை இருந்தது. மக்களைத் தாய்மொழியில் கேட்டதாக மொழிபெயர்ப்பாளர் சான்று தரவேண்டும். வள்ளியம்மா தாளை நீட்டி, “ஒண்ணும் பேசாம கையெழுத்து மட்டும் போடுங்க சார்” என்றார். அவர்கள் மலாயில் சொன்னதைத் தமிழில் கேட்டதாக ஆங்கிலத்தில் கையெழுத்திட்டேன்.