தேவதைப் பங்கும் மூன்றாம் கியரும்

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த மைத்துனருக்கு,

உன் அக்காவைக் கட்டியவன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். ‘நலம்’ என்று எழுதப் போனதுமே பேனா நின்றுவிட்டது. அங்கே நீயும் உன் மனைவியும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். உன் அம்மா இங்கேயல்லவா இருக்கிறார்! போகட்டும். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே மச்சான். உட்கார். சாய்ந்து உட்கார். கையில் காபி இருந்தால் கீழே வை. நேற்றுக் காலை என் வீட்டு பால்கனியில் நான் கண்ட காட்சி, கல்யாணமான நாளிலிருந்து உங்கள் குடும்பம் எனக்குக் கொடுத்த அதிர்ச்சிகளையெல்லாம், உன் சித்தப்பா வரவேற்பில் மைக்கைப் பிடித்துப் பாடியது உட்பட, ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது.

ஆதியிலிருந்து சொல்கிறேன். நானோ மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். காலையிலிருந்து சாயங்காலம் வரை “இந்த எழுத்து தெரியுதா, அடுத்த வரி தெரியுதா” என்று ஊரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். மூக்குக்கும் எனக்கும் இருந்த உறவெல்லாம், அதன்மேல் கண்ணாடி நேராக உட்காருகிறதா என்பதோடு சரி. அப்படி இருந்தவனை என் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற பல் டாக்டர்தான் கெடுத்தார். “சார், மனுஷனுக்கு ஒரு ஹாபி வேணும்” என்று சொல்லி, மரப்பீப்பாயில் வருஷக்கணக்காக ஊறிய பழைய விஸ்கி, ரம், பிராந்தி இவற்றைச் சுவைத்து விமர்சனம் எழுதுகிற ஒரு சங்கத்தில் என்னைச் சேர்த்துவிட்டார். குடிப்பதல்ல மச்சான், சுவைப்பது. அதற்கென்று வயிறு பெருத்து வாய் குறுகிய ஒரு குட்டிக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. அதற்குள் மூக்கை விட்டு மோந்து, ஒரு மிடறு வாயில் வைத்துப் புரட்டி, பக்கத்தில் வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிட்டு, வாசனை எப்படி, ருசி எப்படி, கடைசியில் தொண்டையில் என்ன நிற்கிறது என்று எழுதி, சங்கத்தின் இணையதளத்தில் போட வேண்டும். எனக்கு எல்லாம் வந்தது, துப்புவது மட்டும் வரவில்லை. சோற்றை வீணாக்காதே என்று சொல்லி வளர்த்த பிள்ளை நான்.

என் மூக்கின் லட்சணத்தை உன்னிடம் மறைப்பானேன்? அடுப்பில் பால் பொங்கி அடிப்பிடித்தால், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிச் சொன்னால்தான் எனக்குத் தெரியும். ஆனால் எழுதுகிற கைக்கு மூக்கு எதற்கு? ‘பழைய தோல்பெட்டியின் வாசம், அடியில் உலர்ந்த அத்திப்பழம், தூரத்தில் மழையில் நனைந்த ஒரு நூலகம்’ என்று எடுத்துவிட்டேன். உன் அக்கா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, “நூலகத்துப் பக்கம் எப்ப போனீங்க? நான் தலைக்குத் தடவற எண்ணெய மாத்தி எவ்ளோ நாளாச்சு, அது தெரியல. அத்திப்பழம் மட்டும் தெரியுதாக்கும்!” என்றாள். அவள் கிடக்கிறாள். இணையத்தில் ‘பொன்மூக்கு’ என்ற புனைபெயரில் நான் கொடிகட்டிப் பறந்தேன். எந்தச் சரக்கையும் ஒரு வார்த்தை குறைசொல்ல மாட்டேன். ஒருவேளை நன்றாக இருந்து தொலைத்தால் என்ன செய்வது என்ற பயம்தான். அதைப் பெருந்தன்மை என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் முழங்கால் வைத்தியத்துக்கென்று உன் அம்மா வந்து சேர்ந்தார். வண்டி ஓட்டத் தெரிகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து சோதித்து லைசென்ஸ் கொடுக்கிற உத்தியோகத்தில் இருந்து, ஊரில் பாதிப்பேரைப் பஸ்ஸில் போகவைத்துவிட்டு ஓய்வுபெற்றவர் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். என் புட்டி அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று நினைத்தேன். பேசாமல் பார்த்தாரென்றால் ஃபெயில் என்று அர்த்தமாம். உன் அக்கா இதைச் சாவகாசமாகப் பிறகு சொல்கிறாள்.

நானோ அப்போது அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தேன். தலையணை அளவில் ஒரு ஓக் மரப் பீப்பாயை வாங்கி, பால்கனியில் செருப்பு அலமாரிக்கு மேல் ஏற்றி, அதில் சொந்தமாகச் சரக்கு ஊற்றி ஊறவைத்தேன். நாளாக ஆக உள்ளே மட்டம் இறங்கிக்கொண்டே போனது. அது இயற்கைதான். மரத்தின் வழியே கொஞ்சம் ஆவியாகிப் போகும். தொழில் தெரிந்தவர்கள் அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். இதை உன் அம்மாவிடம் பெருமையாக விளக்கினேன்.

“அப்படியா மாப்பிள்ளை? தேவதைங்க தினமும் வருமோ?”

“காத்தோட காத்தா வரும் அத்தை.”

“போகும்போது கதவச் சாத்திட்டுப் போகச் சொல்லுங்க. கொசு வருது.”

இப்படி நாங்கள் சந்தோஷமாக இருக்கையில்தான் இணையதளத்தில் ஒரு சனியன் முளைத்தது. பெயர் ‘மூன்றாம் கியர்’. நான் எதைப் பாராட்டி எழுதினாலும் மறுநாளே அதே சரக்குக்கு அதன் விமர்சனம் வரும். ‘திறந்ததும் ஹாரன் பலமாக அடிக்கிறது. வண்டி நகரவில்லை’ என்று ஒன்று. ‘நாக்கில் திரும்பும்போது சிக்னல் போடவில்லை, தொண்டையில் சடன் பிரேக், பின்னால் வருகிறவன் கதி என்ன?’ என்று இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே, ‘பொன்மூக்கு அவர்கள் இதில் அத்திப்பழம் கண்டாராம். கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது’ என்று ஒன்று. யாருக்கு? எனக்கு! கண்ணாடிக் கடைக்காரனுக்கு! நீ இப்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். உனக்குப் புரிந்துவிட்டது. உன் அக்காவுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. எனக்கு மட்டும் உறைக்கவில்லை. ‘ஐயா, தாங்கள் டீசல் குடித்து வளர்ந்தவர் போலும், தங்களைப் பெற்றவர்கள் நாக்கு வைக்க மறந்துவிட்டார்கள்’ என்று நான் பதில் எழுதினேன் மச்சான். எழுதிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் அதை வாய்விட்டு வேறு படித்துக் காட்டினேன். யாருக்கு என்று கேட்காதே.

“யாரு மாப்பிள்ளை அந்த மனுஷன்?”

“யாரோ லாரி டிரைவர் அத்தை. தரங்கெட்டவன்.”

“லாரிக்காரங்கள அப்படிச் சொல்லாதீங்க. அவங்க முதல் தடவையிலயே பாஸாவாங்க. கார்க்காரங்கதான் தூணுல இடிப்பாங்க. இன்னும் கொஞ்சம் சோறு வச்சுக்குங்க.”

இது இப்படி இருக்க, சங்கம் ஒரு குண்டைத் தூக்கிப்போட்டது. வருடாந்தரப் போட்டிக்கு நடுவர்களாக மேடையேறும் பெரிய மனிதர்களோடு, இணையத்தில் எழுதுகிறவர்களிலிருந்தும் ஒருவரை உட்காரவைக்கப் போகிறார்களாம். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்: பொன்மூக்கு, மூன்றாம் கியர். இருவரும் அவரவர் முகவரியை அனுப்ப வேண்டும். ஒரே சரக்கு, பெயர் ஒட்டாத மாதிரிப் புட்டியில் இருவருக்கும் வரும். யார் எழுதுவது சிறப்போ அவருக்கே நாற்காலி. நான் கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். பல் டாக்டர் அவர் பங்குக்கு, வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் நோயாளிகளிடமெல்லாம் சொல்லிவிட்டார். அவர்களால் மறுத்துப் பேசவும் முடியாது. இந்த நாற்காலி இல்லையென்றால் நான் இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது என்கிற நிலைமை.

அப்போதுதான் முந்தாநாள் அந்த விமர்சனம் வந்தது. அப்படியே தருகிறேன்: ‘பால்கனியில், செருப்பு அலமாரியின்மேல் வைத்து ஊறப்போட்ட சரக்கு. ஓக் மரத்தைச் செருப்பு ஓவர்டேக் செய்கிறது. எல் போர்டு மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது. ஃபெயில். மீண்டும் விண்ணப்பிக்கலாம்.’

பால்கனிக்கு ஓடிப்போய் என் பீப்பாயைத் தடவிப் பார்த்தேன். அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு சொட்டு வெளியே போனதில்லை. பல் டாக்டருக்குக்கூடக் காட்டாமல் துண்டு போட்டு மூடி வைத்திருந்தேன். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவரைச் சந்தேகித்தேன். குழாய் ரிப்பேர்காரரைச் சந்தேகித்தேன். எதிர் பால்கனியில் துணி உலர்த்துகிற அம்மாளைக் கொஞ்ச நேரம் சந்தேகித்துப் பார்த்து, உன் அக்கா முறைத்ததும் விட்டுவிட்டேன். நேற்றுக் காலை வழக்கம்போல் கடைக்குப் புறப்படுகிறவன் மாதிரி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, தெருமுனை வரை போய், பின்பக்கப் படிக்கட்டு வழியாகத் திரும்பி ஏறி வந்து, திரைச்சீலையை விலக்கிப் பார்த்தால்... மச்சான், உட்கார்ந்துதானே இருக்கிறாய்?

உன் அம்மா. முழங்காலில் கட்டோடு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பீப்பாயின் மரத்தக்கை திறந்து கிடக்கிறது. ஒரு கையில் என்னுடைய குட்டிக் கிண்ணம். இன்னொரு கையில், என் கடையிலிருந்து கண்ணுக்கு மருந்து விடக் கொண்டுவந்த சொட்டுக்குழாய். கண்ணை மூடி மோந்தார். வாயில் விட்டுப் புரட்டினார். குரோட்டன்ஸ் தொட்டியில், அடடா என்ன அழகாக, ஒரு துளி சிதறாமல் துப்பினார். நான் “அத்தை!” என்று அலறினேன். அவர் திடுக்கிடவே இல்லை.

“வாங்க மாப்பிள்ளை. பின்னாடி வர்றவங்க ஹாரன் அடிச்சிட்டு வரணும்.”

“அத்தை... நீங்க... குடிக்கிறீங்களா?”

“சீச்சீ! குடிக்கிறது நீங்க. நான் துப்பறேன்.”

“அப்ப பீப்பாய்ல இவ்ளோ கொறஞ்சிருக்கே?”

“நான் எடுக்கறது சொட்டு. தினமும் சாயங்காலம் ‘ஊறிடுச்சான்னு பாக்கறேன்’னு டம்ளரோட ஒரு தேவதை வருமே, அதுகிட்ட கேளுங்க.”

நான் உன் அக்காவிடம் ஓடினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டு நிமிராமலே சொல்கிறாள்: “தெரியுமே. நாந்தான் அம்மாவுக்குப் பாஸ்வேர்டு போட்டுக் குடுத்தேன். பாவம், கால நீட்டிக்கிட்டு எவ்ளோ நேரம்தான் சும்மா உக்காந்திருப்பாங்க? ரிட்டையரானதுலேருந்து யாரையும் ஃபெயிலாக்காம அவங்களுக்குத் தூக்கமே வரல.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க? நீங்கதான் அத்திப்பழம் தேடிக்கிட்டிருந்தீங்களே!”

இதுதான் என் நிலைமை. பூனைக்குப் பயந்து புலியை வீட்டில் கட்டி, அதற்குச் சோறும் போட்டு, அதனிடமே பூனையைப் பற்றிப் புகார் சொன்னவன் நான். ஆகவே என் ஒரே வேண்டுகோள்: இதைக் கண்டவுடன் புறப்பட்டு வந்து உன் அம்மாவை அழைத்துக்கொண்டு போ. மாதிரிப் புட்டிகள் இரண்டுமே என் முகவரிக்குத்தான் வரும். அவை வரும்போது அவர் உன் வீட்டில் இருக்க வேண்டும். முழங்காலுக்கு உங்கள் ஊரில் அபூர்வமான டாக்டர் வந்திருக்கிறார் என்று சொல். உன் அம்மா மூன்றாம் கியரில் எழுதினால் நான் ரிவர்ஸில்தான் போக வேண்டியிருக்கும். இது துரோகம் என்று உனக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது, கோட்டை ஒருமுறை போட்டுப் பார்த்தேன், சரியாகிவிட்டது.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. உன் மனைவிக்கு என் விசாரிப்புகள். உங்கள் இருவருக்கும் எல்லா வளமும், நல்ல மூக்கும், நல்ல மாமியாரும் வாய்க்க வாழ்த்துகிறேன். மூன்றாவது உன் மனைவிக்கு ஏற்கெனவே வாய்த்துவிட்டார். சீக்கிரம் வந்து கூட்டிக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. வராதே! கிளம்பியிருந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிப் போ. கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் சங்கத்திலிருந்து போன் வந்தது. சோதனையே வேண்டாமாம். போட்டிக்குச் சரக்கு அனுப்புகிற ஆலைக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் ‘யாரையும் திட்டாத அந்தப் பொன்மூக்கையே போடுங்கள்’ என்று சொல்லிவிட்டார்களாம். நாற்காலி எனக்குத்தான். நான் துள்ளிக் குதித்தேன். குதித்தவன் தரைக்கு வருவதற்குள் போனில் பேசியவர் அடுத்ததைச் சொன்னார்: மேடையில் எல்லோர் முன்னாலும் மைக்கில் மோந்து சொல்ல வேண்டும். கிண்ணங்களில் ஒன்றில் வெறும் கலர்த் தண்ணீர் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காத நடுவரை அங்கேயே எழுந்து நிற்கவைத்துக் கேலியாகக் கைதட்டுவார்களாம். அப்படியே போய் உன் அம்மாவின் காலடியில், கட்டுப்போட்ட காலை விட்டுவிட்டு மற்றதில், விழுந்தேன். “எழுந்திருங்க மாப்பிள்ளை. சங்கத்துக்காரங்கள நான் பாத்துக்கறேன். முன்வரிசையில, மோப்பம் எட்டற தூரத்துல உக்காந்து இருமறேன். ஒரு இருமல்னா நல்லது, ரெண்டுன்னா மட்டம், விடாம இருமினா தண்ணி” என்று அபயம் கொடுத்தார். தெய்வம் மச்சான், உன் அம்மா தெய்வம்.

இன்னொரு பின்குறிப்பு: வா. உடனே வா. அத்தைக்கு இன்று காலையிலிருந்து நிஜமாகவே ஜலதோஷம். மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக் கிடக்கிறது. இருமல் நிற்கவே இல்லை. போட்டி நாளை மறுநாள், அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் உடனே போன் செய்து சொல்: உனக்கு வாய்த்திருப்பது அம்மாவின் மூக்கா, அப்பாவின் மூக்கா?