இடது காலை யாரும் தொடமாட்டார்கள்

உடற்கல்வி ஆசிரியர்களின் அறிவு முழுவதும் மற்றவர்களின் கால்களுக்குத்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சுன்னாகப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறேன். "சுளுக்கினால் நடக்காதே, ஐஸ் வை, இறுக்கிக் கட்டு, காலைத் தலையணையில் தூக்கி வை" என்று நான் தொண்டை கிழியக் கத்தாத வகுப்பு இல்லை. என் சொந்தக் கணுக்கால் சுளுக்கியபோது இதையெல்லாம் அரைகுறையாகச் செய்தேன். அதையும் களவாகச் செய்தேன்.

அப்போது எனக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது. மாப்பிள்ளை செந்தூரன், அச்சுவேலிக்காரர், வங்கியில் வேலை. நான் பத்து வசனம் கதைத்தால் அவர் ஒன்று கதைப்பார். மூன்று மாதமாகப் போனில் கதைத்ததில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உமக்கு ஓட விருப்பமெண்டு தெரியும். கலியாணத்துக்குப் பிறகும் ஓடும், நான் மறிக்கமாட்டன். இந்த ஒரு மாசம் மட்டும் ஓடாதையும். எங்கையாவது விழுந்துபோடுவீரெண்டு எனக்குப் பயமாயிருக்கு."

"சத்தியமாய் ஓடமாட்டன்," என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்து இல்ல மெய்வல்லுநர் போட்டி, பிள்ளைகளும் ஆசிரியர்களும் இல்லம் இல்லமாகப் பிரிந்து ஓடும் நாள். கடைசி நிகழ்ச்சி ஆசிரியர்களின் அஞ்சல் ஓட்டம். எங்கள் இல்லத்துக்கு ஓட வேண்டிய விஞ்ஞான ரீச்சர், பெயர் கூப்பிட்ட நேரம் பார்த்து வயிற்றுக்குத்து என்று கொட்டகைக்குள் போய் இருந்துவிட்டா. இருநூறு பிள்ளைகள் "மிஸ்! மிஸ்!" என்று கத்தினார்கள். (இருநூறு இருக்காது. எனக்கு அப்படிக் கேட்டது.) சத்தியம் காற்றில் போனது. கடைசிச் சுற்றை நான்தான் ஓடினேன், வென்றேன்.

வென்றவள் அதோடு நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. இரண்டு கையையும் தூக்கிப் பிள்ளைகளுக்கு ஆட்டிக்கொண்டு முடிவுக் கோட்டையும் தாண்டி ஓடினேன். காலையில் குண்டெறிதல் நடந்த இடத்தில் குண்டு விழுந்து தோண்டிய பள்ளம் ஒன்று இருந்தது. இடது கால் அதற்குள் போய் மடங்கியது. நறுக்கென்று ஒரு சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. கைதட்டல் நிற்கவில்லை, ஆகவே எழும்பிச் சிரித்தேன்.

பின்னேரத்துக்குள் கணுக்கால் தேசிக்காய் அளவுக்கு வீங்கி, இருட்டுவதற்குள் மாங்காய் அளவுக்கு வந்துவிட்டது. விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் தங்கச்சி கஜனி. அவள் கடையில் பிள்ளைகள் சூப்பித் தின்னும் ஐஸ்பக்கெற் வாங்கி வருவாள். ஒன்று என் காலுக்கு. அம்மாவுக்குச் சந்தேகம் வராமல் இருக்க இன்னொன்றை அவள் முற்றத்தில் நின்று எல்லோரும் பார்க்கத் தின்ன வேண்டும்.

"ஏனடி ரெண்டு பேரும் உதுகளைத் தின்னுறியள்? கலியாணப் பொம்பிளை தடிமனோடை மணவறையிலை இருந்து தும்மப்போகுது!" என்று அம்மா ஏசுவா. தடிமன் பிடித்தது பாவம், கஜனிக்கு.

நான்காம் நாள் வீக்கம் வற்றியது. சுகமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டாமா? கிணற்றடியில் அந்த ஒற்றைக் காலிலேயே கெந்திப் பார்த்தேன். பிள்ளைகள் யாராவது இப்படிச் செய்தால் மைதானத்தை விட்டே கலைத்திருப்பேன். ஆறாவது கெந்தலில் மாங்காய் திரும்பி வந்தது.

செந்தூரன் ஒவ்வொரு நாளும் போன் எடுப்பார். "என்ன செய்யிறீர்?" என்பார். "சும்மா இருக்கிறன்," என்பேன். பொய்யில்லை, காலைத் தலையணையில் போட்டுக்கொண்டு சும்மாதான் இருந்தேன். அவர் ஏசுவார் என்று நான் பயப்படவில்லை. அந்த மனிதர் கேட்டது ஒரேயொரு விஷயம், அதைக்கூட என்னால் கொடுக்க முடியவில்லை. இனி என் பேச்சை அவர் எப்படி நம்புவார் என்பதுதான் என் பயம். நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளித் தள்ளிக் கலியாண நாள் வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் ஒரு திட்டம் போட்டேன். கூறைச்சேலை நிலம் வரை மூடும். அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை பிடிப்பது வலது கால். "இடது காலை ஒருத்தரும் தொடமாட்டினம்," என்று கஜனிக்கு விளக்கினேன். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு ஆமோதித்தாள்.

மணவறைக்கு நான் அடிமேல் அடி வைத்துப் போனேன். "என்ன அடக்கம் பாருங்கோ! நிலம் நோகாமல் நடக்குது பிள்ளை," என்று ஒரு மாமி உருகினா. நொந்தது நிலத்துக்கல்ல.

தாலி கட்டி முடிந்தது. முதலாம் சுற்று அக்கினியை வலம் வந்து அம்மிக்கு முன்னால் நின்றோம். செந்தூரன் குனிந்து என் வலது காலைத் தூக்கினார். அந்தக் கணத்தில்தான் எனக்கு உடற்கல்வி நினைவுக்கு வந்தது. வலது காலைத் தூக்கினால் முழு உடம்பும் நிற்க வேண்டியது இடது காலில். கூறை, நகை, பூமாலை, நான், எல்லாப் பாரமும்.

அப்படியே சரிந்தேன். கைக்குக் கிடைத்தது அவருடைய தலைப்பாகை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தொங்க, அது இறங்கி அவருடைய கண்ணையும் மூக்கையும் மூடிவிட்டது. மனிதருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் காலை மட்டும் விடவில்லை. தோளைக் கொடுத்து என்னைத் தாங்கிக்கொண்டு, தலைப்பாகைக்குள் இருந்து மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் கால்?"

"இடது."

"ஓடினீரோ?"

"ஓம்." எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் தோளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தார்.

"வெண்டீரோ?"

"ஓம்."

தலைப்பாகை குலுங்கியது. சிரிக்கிறார்! மண்டபத்தில் இருந்தவர்கள் அவர் மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் முன்னுக்கு வந்தார். "அண்ணை, ஐயர் மறைச்சுப்போட்டார். காலைக் கீழை வைச்சிட்டுத் திரும்ப ஒருக்காத் தூக்குங்கோ."

"இல்லைத் தம்பி. இது ஒருக்காத்தான்," என்றார் செந்தூரன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வலது காலை அம்மியில் வைத்து மெட்டி போட்டார். தப்பினேன் என்று மூச்சு விட்டால், ஐயர் சாதாரணமாகச் சொன்னார்: "இனி ரெண்டாஞ் சுற்று. இந்த முறை இடது கால்."

(எத்தனையோ கலியாணவீட்டுக்குப் போயிருக்கிறேன். அம்மி மிதிக்கும் நேரம் நான் எப்போதும் சாப்பாட்டு வரிசையில் முதலாவது ஆளாக நிற்பேன். இடது காலுக்கும் மெட்டி உண்டு என்று எனக்கு எப்படித் தெரியும்?)

செந்தூரன் என்னை இருத்த ஒரு கதிரை கேட்டார். ஐயரும் நல்ல மனிதர், "இருந்துகொண்டே வையுங்கோ, குறையில்லை," என்றார். இவர் வெறும் நிலத்தில் சம்மணம் கொட்டி இருந்து, என் இடது காலை முட்டை தூக்குவதுபோலத் தூக்கி மடியில் வைத்தார். சேலை விலகியது, கட்டுத் தெரிந்தது. பின்னால் அம்மாவின் குரல்: "அப்ப அந்த ஐஸ்பக்கெற் எல்லாம்...!" வீங்கிய விரலில் மெட்டி பாதிக்குமேல் ஏறவில்லை. அவர் அதை அழுத்தாமல் அந்தளவில் விட்டார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். பெற்றோரைப் பிரியும் துக்கம் என்று வீடியோவில் அதற்குச் சோகப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள்.

சவ்வு கிழிந்திருந்தது. விருந்துக்குப் போக வேண்டிய ஆறு கிழமையும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வீக்கம் வற்றியதும் பிசியோதெரபி மிஸ், நாளுக்கு மூன்று தடவை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னா. எனக்குத் துணையாகச் செந்தூரனும் நின்றார். சுகமான இரண்டு கால் இருந்தும் இரண்டு தரம் விழுந்தார்.

அப்படி நின்ற ஒருநாள் கேட்டேன், "என்னிலை கோவமோ?"

"ஓடினதுக்குக் கோவமில்லை. பத்து நாள் எனக்குச் சொல்லாமல் தனிய நோவைத் தாங்கினீரே, அதுக்குத்தான் கோவம்," என்றார். நான் ஒற்றைக் காலில் நின்றபடியே அவரைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் விழுந்தோம்.

இப்போது எங்கள் இரண்டு குடும்பத்திலும் அம்மி மிதிக்கும் நேரம் யாரும் சாப்பாட்டுக்கு எழும்புவதில்லை. மாப்பிள்ளை குனிந்தவுடன் பின்னாலிருந்து யாராவது "எந்தக் கால்?" என்று கத்த, மண்டபமே சிரிக்கும். போன மாதம் கஜனியின் கலியாணத்தில் கத்தியது செந்தூரன்தான். "ரெண்டும் சுகம் அத்தான்!" என்று மணவறையிலிருந்து அவளும் கத்தினாள்.

என் கால் சுகமாகி நாலு வருடமாகிறது, திரும்ப ஓடுகிறேன். ஆனாலும் கஜனியின் காலை மாப்பிள்ளை தூக்கியபோது செந்தூரனின் கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. "நான் நல்லாய்த்தானே நிக்கிறன், விடுங்கோ," என்றேன்.

"ஐயர் முடிக்கட்டும்," என்றார்.