நத்தமேட்டு நூலகர் பயிற்சி பெற்ற வரலாறு

வரைபடம் வரைகிறவர்கள் மை தீர்ந்து நிறுத்திவிடும் இடத்துக்குச் சற்று அப்பால் கொன்றைநாடு இருந்தது. அதற்கு ஒரு மன்னர் உண்டு. அவர் தலையசைப்பார். எதற்குத் தலையசைப்பது என்று சொல்ல ஓர் அமைச்சர் உண்டு. அமைச்சரை மட்டும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்துவிட்டு, அடுத்த தேர்தல் வரும்வரை தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த நாட்டின் நத்தமேடு என்ற சின்ன ஊரில் தையல்நாயகி நூலகராக இருந்தாள். ஒற்றை அறை நூலகம். மழை பெய்தால் சரித்திரப் புத்தகங்கள் மேல் மட்டும் ஒழுகும். வெற்றிலைக்கடை பிச்சுமணி, தான் பாதி படித்த துப்பறியும் கதையை வேறு யாரும் எடுத்துவிடாதபடி விவசாயப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்துவைப்பார். தையல்நாயகி சாயங்காலம் அதை எடுத்து உரிய இடத்தில் வைப்பாள். மறுநாள் அவர் மறுபடி ஒளிப்பார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. புத்தகங்களுக்கு நடுவில் உட்காரச் சொல்லிச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று அவளுக்கு அரசாங்கத்தின் மேல் உண்மையாகவே நன்றி இருந்தது.

இப்படி எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தது அமைச்சர் கண்ணில் பட்டுவிட்டது.

"நாடெங்கும் நூலகர்கள் வெறுமனே புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று அவர் அவையில் முழங்கினார். "தலைமைப் பண்பு இல்லை, தொலைநோக்கு இல்லை. கேட்டால் கொடுக்கிறார்களாம்! இது நிர்வாகமா?"

மன்னர் தலையசைத்தார். நூலகர்கள் எல்லோரும் தலைநகருக்கு வந்து மேலாண்மைப் பயிற்சி பெறவேண்டும், அதுவரை நூலகங்கள் பூட்டியிருக்கும் என்று ஆணை வந்தது. கதவில் தொங்கவிட ஒரு பலகையும் அனுப்பியிருந்தார்கள். "உங்களுக்குச் சேவை செய்வது எப்படி என்று நூலகர் கற்றுக்கொண்டிருக்கிறார். ஆகவே சேவை கிடையாது" என்று அதில் எழுதியிருந்தது.

தையல்நாயகி பலகையைப் பார்த்தாள், அலமாரிகளைப் பார்த்தாள். பூட்டிய அறையில் கரையானுக்கும் மழைக்கும் புத்தகங்களை விட்டுப்போக அவளுக்கு மனம் வரவில்லை. ஊரைக் கூப்பிட்டாள்.

"லைப்ரரியம்மா, ரெண்டு புத்தகத்துக்கு மேல தரமாட்டேன்னு என்னைய எத்தன தடவ வெரட்டியிருக்கீய?" என்றார் பிச்சுமணி. "இப்பக் கூடையோட வரச் சொல்லுதீய?"

"கூடை பத்தலைன்னா சாக்கு கொண்டாங்க அண்ணாச்சி. நான் திரும்பி வர்ற அன்னைக்குக் கொண்டாந்து தந்துருங்க. அதுபோதும்."

பொழுது சாய்வதற்குள் அலமாரிகள் காலியாகிவிட்டன. வெறும் அறையைப் பூட்டிக்கொண்டு அவள் வண்டி ஏறினாள்.

பயிற்சி கொலுமண்டபத்தில் நடந்தது. தொடக்கப் பாடத்தை அமைச்சரே நடத்தினார். "நூலகர் என்பவர் மேலாளர். மேலாளர் புத்தகத்தைத் தொடலாகாது, தொடுவது கூலிவேலை. அலமாரியில் இருக்கும் புத்தகம் சொத்து, வெளியே போன புத்தகம் இழப்பு. ஏனெனில், பொதுச்சொத்தைப் பொதுமக்கள் கையில் கொடுத்தால் அது திரும்பி வராது. எழுதிக்கொள்ளுங்கள்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். தையல்நாயகி பாதி வரியில் நிறுத்திவிட்டாள். நூலகம் முழுவதையும் அல்லவா தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒன்றும் திரும்பி வராவிட்டால் வேலை போவது ஒருபக்கம் இருக்கட்டும், நத்தமேட்டுக்கு இனி ஒருபோதும் நூலகம் கிடையாது.

பயிற்சி முடிந்ததும் உயர்பயிற்சி தொடங்கியது. பாடத்திட்டம் மாறியதால், முன்பு படித்ததை மறப்பதற்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் நன்றியுரை உண்டு. பயிற்சிக்கு நன்றி, தேநீருக்கு நன்றி, நன்றி சொல்ல வாய்ப்பளித்ததற்கு நன்றி.

ஊரில் நூலக வரியைப் பயிற்சி வரி என்று பெயர் மாற்றி இரட்டிப்பாக வாங்கினார்கள். நூலகம் இல்லாததால் சனங்கள் சந்தேகங்களை அதிகாரிகளிடம் கேட்கத் தொடங்கினார்கள். உடனே, பதில் சொல்லப் பயிற்சி பெற்றவர்கள் தலைநகரில் இருப்பதால் அவர்கள் திரும்பும்வரை யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்று ஓர் ஆணை வந்தது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அமைச்சரின் ஆட்கள் தூங்கப் போய்விடுவார்கள். அப்போது நாட்டின் நாலு மூலையிலிருந்தும் வந்த நூலகர்கள் கட்டுச்சோற்றைப் பகிர்ந்துகொண்டு பேசுவார்கள். புத்தகத்தை இராமபாணப் பூச்சி துளைக்காமலிருக்க வசம்பு வைப்பது, கூச்சப்பட்டு வாசலோடு திரும்பிப் போகிறவர்களை உள்ளே வரவைப்பது, கண் மங்கியவர்களுக்கு வாசித்துக்காட்ட ஆள் பிடிப்பது எல்லாம் தையல்நாயகி அங்கேதான் கற்றாள். தன் ஒற்றை அறைக்கு வெளியே தன்னைப்போல் இத்தனை பேர் இருப்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. அந்தச் சாப்பாட்டு வேளைக்காக அவள் அமைச்சரை மனதார வாழ்த்தினாள்.

இதற்கிடையில் ஆய்வுக்குழு ஒன்று பூட்டிய நூலகங்களைத் திறந்து பார்த்தது. எங்கும் தூசி, கரையான், மக்கிய காகிதம். நத்தமேட்டில் மட்டும் கிழிந்த புத்தகம் இல்லை, அழுக்கு இல்லை, புகார் இல்லை. புத்தகங்கள் எங்கே என்று கேட்கக் குழுவுக்குப் பயிற்சி இல்லை. நாட்டின் தலைசிறந்த நூலகம் நத்தமேடு என்று அறிவித்தார்கள். விருது வழங்க மன்னரும் அமைச்சரும் தையல்நாயகியை அழைத்துக்கொண்டு நேரில் வந்தார்கள்.

நூலகத்து வாசலில் மேடை. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த தையல்நாயகி வெறும் அறையின் கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமைச்சர் பேச்சை ஆரம்பித்தபோது தெருக்கோடியில் ஒரு வரிசை தெரிந்தது. முன்னால் பிச்சுமணி, தோளில் சாக்கோடு. பின்னால் ஊரே வந்துகொண்டிருந்தது.

"நீங்க வர்ற அன்னைக்குக் கொண்டாரச் சொன்னீயள்லா?" என்று மேடைக்குக் கீழே சாக்கை இறக்கினார் பிச்சுமணி. "எண்ணிப் பாத்துக்கிடுங்க. கூடத்தான் இருக்கும்."

கூடத்தான் இருந்தது. அட்டை போட்டு, கிழிசலைச் சோற்றுப்பசையால் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். எப்போதோ எடுத்துப்போய்த் திருப்பித் தர வெட்கப்பட்டு வீட்டிலேயே கிடந்த பழைய புத்தகங்களையும் இந்தக் கூட்டத்தோடு கூட்டமாகச் சிலர் சேர்த்துவிட்டிருந்தார்கள். தையல்நாயகி மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். மேலாளர் தொடக்கூடாது என்பதெல்லாம் மறந்துபோயிற்று. ஒவ்வொன்றாக வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "இந்த ஊருக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன்" என்று வாய்விட்டு அழுதாள்.

"யார் இவர்கள்?" என்று மன்னர் கேட்டார்.

அமைச்சர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "பயிற்சி பெறாதவர்கள், மன்னா. அதனால்தான் பொதுச்சொத்தை இப்படிக் கண்டபடி திருப்பித் தருகிறார்கள்."

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. வரியால் சனங்கள் கொதித்துப்போயிருப்பதும் அவருக்குத் தெரியும். பயிற்சி என்று ஒன்றைத் தொடங்கினால் அது முடியவே முடியாது என்பது அவருடைய அனுபவம்.

"படிக்கப் பயிற்சி இல்லாதவர்களுக்கு வாக்களிக்க மட்டும் எப்படித் தெரியும்?" என்று மேடையிலேயே ஆணையை அறிவித்தார். "வாசகர் பயிற்சிச் சான்று பெறாத எவரும் இனி வாக்களிக்கவோ தேர்தலில் நிற்கவோ முடியாது!"

மன்னர் தலையசைத்தார். பயிற்சியை யார் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. நாட்டிலேயே பயிற்சி பெற்றவர்கள் நூலகர்கள்தான். அவர்களே ஊர் திரும்பிக் கொடுக்கட்டும் என்றார் அமைச்சர். தம்மிடம் படித்தவர்கள் இழுத்தடிப்பதில் தம்மை மிஞ்சுவார்கள் என்று அவர் நம்பினார்.

தையல்நாயகி பாடத்திட்டம் வகுத்தாள். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், படிக்க வேண்டும் அல்லது படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், திருப்பிக் கொண்டுவர வேண்டும். நத்தமேடு முழுவதும் ஏற்கெனவே தேறியிருந்தது. அன்றைக்கே எல்லோருக்கும் சான்று கொடுத்தாள். கட்டுச்சோறு பகிர்ந்த கூட்டாளிகளுக்கும் சொல்லி அனுப்பினாள். ஊர் ஊராக நூலகங்கள் திறந்தன. புத்தகம் பக்கமே போகாதவர்கள்கூட வாக்குக்காக வந்து, வாக்கை மறந்து உட்கார்ந்து படித்தார்கள். எல்லா நூலகர்களும் அமைச்சருக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார்கள். அவர் நன்றி என்ற சொல்வரை படித்துவிட்டு மகிழ்ந்து மடித்துவைத்தார்.

வேட்புமனு கொடுக்கப் போனபோதுதான் தேர்தல் அலுவலர் அவரிடமும் சான்று கேட்டார்.

"சட்டத்தை எழுதியதே நான்!"

"எவரும் என்று எழுதியிருக்கிறீர்கள் ஐயா. என்னைத் தவிர என்று எழுதவில்லையே."

விருது வாங்கிய நூலகத்தில் வாங்கினால்தான் கௌரவம் என்று அமைச்சர் நத்தமேட்டுக்கே வந்தார். தையல்நாயகி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க ஐயா. உங்களாலதான் எனக்கு இத்தனை கூட்டாளிங்க கிடைச்சாங்க. அத நான் சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்." அவள் அதை மனதிலிருந்துதான் சொன்னாள். பிறகு தேடிப்பிடித்து ஒரு மெலிந்த புத்தகத்தை நீட்டினாள். "இத வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சிட்டு, மனு வாங்குறது முடியறதுக்குள்ள திருப்பித் தந்துருங்க. சான்று எழுதித் தாரேன்."

"இவ்வளவுதானா!" என்று சிரித்தபடி அமைச்சர் புத்தகத்தோடு பல்லக்கு ஏறினார்.

மனு கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாளாகியும் அவர் வரவில்லை. பாவம், வேலைத்தொல்லையில் மறந்திருப்பார் என்று தையல்நாயகி பிச்சுமணியை அனுப்பினாள். பிச்சுமணி மறுநாள் மத்தியானம் வெறுங்கையோடு திரும்பினார்.

"தரமாட்டாராம் லைப்ரரியம்மா. 'மேல அரசாங்கச் சொத்துன்னு முத்திரை குத்தியிருக்கு, அரசாங்கம் நான்தானே, எதுக்குத் திருப்பித் தரணும்'னு கேக்காரு."

அன்று சாயங்காலத்தோடு மனு வாங்குவது முடிந்தது.